வட்டி வாங்காத தம்பி

அவளுக்குக் கோபமே வராத காலம் ஒன்று இருந்தது என்று சொன்னால் இன்றைக்கு அந்தத் தெருவில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். காலையில் சலவைக்கடையின் ஷட்டரை அவள் தூக்குகிற சத்தத்தை வைத்தே, இன்று அவளிடம் வாயைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று எதிர்க்கடைக்காரர் முடிவு செய்துகொள்வார். பெரும்பாலான நாட்களில் வேண்டாம் என்றுதான் முடிவு செய்வார்.

ஆனால் இருந்தது, அப்படி ஒரு காலம். கடை அப்போது சின்னது. வீட்டுக்கு வாங்குகிற அளவில் இரண்டு மெஷின், பின்னறையில் துணி உலர்த்தக் கொடிகள், முன்னால் அவள் கணவர் நின்று தேய்க்கிற மேஜை. அவர் பேசுகிற மனுஷன் இல்லை. ஒரு சட்டைக்கு ஒரு வார்த்தை என்று கணக்கு வைத்துக்கொண்டால்கூட அன்றைக்குப் பாதி பாக்கி நிற்கும். இரண்டு பேருக்கும் வயிறு நிறைந்தது, வாடகை போனது, கடன் என்று ஒரு ஆளுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

பக்கத்துத் தெருவில் அறுபது அறை லாட்ஜ் ஒன்று வந்தது. தினமும் விரிப்பு, தலையணை உறை, துண்டு என்று மூட்டை மூட்டையாகத் துவைக்க ஆள் வேண்டும், நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்களா என்று மேனேஜர் கேட்டார். அவளிடம் இருந்த மெஷினில் அந்தக் கனத்த விரிப்பு நாலைப் போட்டால் அது குலுங்கிக் குலுங்கி வாசலுக்கே வந்துவிடும். பெரிய மெஷின் வாங்க வேண்டும். பேங்கில் கேட்டாள். மூன்று வருடத் தவணை, வட்டி இவ்வளவு, இங்கே கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். போட்டிருக்க வேண்டும். அந்த இடத்திலேயே போட்டுவிட்டு வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

போடவில்லை. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்தாள். வீட்டில் தம்பி உட்கார்ந்திருந்தான்.

தம்பிக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, நல்ல சம்பளம். ஆனால் அவன் கையிலிருந்து காசு வெளியே வந்து யாரும் பார்த்ததில்லை. டீ குடிக்கலாமா என்றால் "இருக்கட்டும்" என்பான். செருப்பு அறுந்துவிட்டதே, புதுசு வாங்கேன் என்றால் அதற்கும் "இருக்கட்டும்". ஆபீசில் அவனுக்குப் பெயரே 'இருக்கட்டும்' என்று ஆகிவிட்டது. வாங்குகிற சம்பளத்தையெல்லாம் கிரிப்டோ காயினாக மாற்றிவிடுவான். கையில் பிடிக்க முடியாத, பர்சில் போட முடியாத காசு. உலகத்துக்கே மொத்தம் இத்தனைதான் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டார்களாம், அதற்குமேல் ஒன்றுகூட உண்டாக்க முடியாதாம், அதனால் விலை ஏறிக்கொண்டேதான் போகுமாம். இதைச் சொல்லும்போது மட்டும் அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும்.

"பேங்க்காரனுக்கு எதுக்குக்கா வட்டி அழுவுற?" என்றான். "நான் எதுக்கு இருக்கேன்? நாலு காயினை வித்தா உன் மெஷின் வந்துடும். எனக்கு வட்டி கிட்டி ஒண்ணும் வேணாம். நாலு காயின் குடுக்கிறேன், நாலு காயினாவே திருப்பிக் குடு. மெதுவா குடு, யாரு உன்னை நெருக்கப் போறா?"

பக்கத்தில் துணி தேய்த்துக்கொண்டிருந்த கணவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "ஏன்ப்பா, அது ஏறிக்கிட்டே போகும்னு நீதானே சொல்ற. ஏறினா வச்சிருக்கிறவனுக்குக் கொண்டாட்டம். திருப்பிக் குடுக்க வேண்டியவ என்ன ஆவா?"

கேட்டாரே ஒரு கேள்வி! வாழ்நாளில் அவர் பேசினதிலேயே உருப்படியான பேச்சு அதுதான். அதற்கு அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "நீங்க சும்மா இருங்க. என் தம்பிகிட்ட வக்கீல் மாதிரி குறுக்குக் கேள்வி கேட்டுக்கிட்டு. அவன் என்ன அந்நியனா?" அவர் பெட்டியை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். அவள் அம்மா முன்னால் போய் நின்று, நாலு காயினைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்று வாக்குக் கொடுத்தாள். அக்கா தம்பிக்குள் எழுத்து எதற்கு என்று அம்மாவே சொல்லிவிட்டாள். இவள் அதோடு விட்டாளா? துணி கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம், என் தம்பி வட்டியில்லாமல் கொடுத்தான் என்று பீற்றிக்கொண்டாள். அதை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்வாள்.

மெஷின் வந்தது. பெரிய டிரம், உள்ளே ஒரு ஆள் உட்காரலாம். லாட்ஜ் மூட்டைகள் வந்தன. மாதாமாதம் ஒரே தொகையை எண்ணித் தம்பியிடம் கொடுப்பாள். அன்றைய விலைக்கு அதில் எவ்வளவு காயின் வருமோ அவ்வளவு வரவு என்று அவன் போனில் குறித்துக்கொள்வான். முதல் வருடம் விலை கொஞ்சம்தான் ஏறியிருந்தது; மெஷின் விலையில் மூன்றில் ஒரு பங்கு கொடுத்ததில் ஒரு காயின் தீர்ந்தது. பரவாயில்லையே, இன்னும் மூன்று வருடத்தில் முடித்துவிடலாம் போலிருக்கிறதே என்று சந்தோஷப்பட்டாள்.

இரண்டாம் வருடம் விலை இரண்டு மடங்கானது. அதே பணத்துக்கு அரைக் காயின்தான் தீர்ந்தது. மூன்றாம் வருடம் அது இன்னொரு மடங்கு ஏறி, கால் காயின். கணக்குப் பார்த்தால் மெஷினின் முழு விலையையும் கொடுத்து முடித்திருந்தாள். பேங்கில் வாங்கியிருந்தால் அந்த மாதத்தோடு கடன் ஒழிந்திருக்கும். இங்கேயோ இன்னும் இரண்டே கால் காயின் பாக்கி, அதன் மதிப்பு மூன்று மெஷின் விலை. அவள் மறுபடி எண்ணிப் பார்த்தாள். கால்குலேட்டரில் தப்பு வந்துவிட்டதோ என்று கணவரையும் எண்ணச் சொன்னாள். அவர் எண்ணிவிட்டு, அதே தொகை வந்த கால்குலேட்டரை அவள் பக்கம் தள்ளினார். ஏதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

"என்னடா அநியாயம் இது, குடுக்கக் குடுக்கக் கடன் வளருது?" என்று தம்பியைக் கேட்டாள்.

"காயின் ஏறலக்கா. நீ சம்பாதிக்கிற பணம்தான் இறங்குது."

"பணம் இறங்குதா? நான் தூக்குற ஈர மூட்டை இறங்கலையேடா. அன்னைக்கு என்ன கனமோ அதே கனம்தானே இன்னைக்கும்?"

பாவம் அக்காவுக்குப் பொருளாதாரம் புரியவில்லை என்கிற மாதிரி ஒரு சிரிப்பு சிரித்தான். அந்தச் சிரிப்புக்குத்தான் அவளுக்கு முதன்முதலாகக் கோபம் வந்தது. வந்தது வந்ததுதான், அப்புறம் போகவே இல்லை.

அடுத்த வருடம் தவணையை இரட்டிப்பாக்கினாள். ஒரு கிளினிக்கின் துணிகளையும் எடுத்தாள். விடியும் முன்னால் மெஷின் ஓட ஆரம்பித்தால் கடை சாத்துகிறவரை ஓடும். சோடாவும் பிளீச்சும் பட்டு விரல் இடுக்கெல்லாம் வெடித்து, வீட்டில் தட்டைக் கழுவினாலே எரிந்தது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இரண்டு பங்கு கொடுத்தும் அந்த வருடம் தீர்ந்தது கால் காயின். ஏனென்றால் விலையும் இரண்டு பங்கு ஏறிவிட்டது. முதல் வருடம் ஒரு காயினுக்கு எத்தனை விரிப்பு துவைத்தாளோ அதைப்போல எட்டு மடங்கு இப்போது துவைக்க வேண்டும். லாட்ஜ்காரர் எட்டு மடங்கு கூலியா கொடுக்கப் போகிறார்? போட்டிக்கு ஆள் வந்துவிட்டான், குறைத்துக்கொள்ளுங்கள் என்று மூக்கால் அழுதுகொண்டிருந்தார்.

நடுவில் ஒருதரம் விலை சரிந்தது. பாதிக்குப் பாதி. அவள் பேங்குக்கு ஓடினாள், கடன் வாங்கி மொத்தமாக அடைத்துவிடலாம் என்று. தம்பி தடுத்தான். "இப்போ என்னக்கா அவசரம்? நான் கேட்டேனா?" கேட்கவில்லைதான். ஏறும்போது வாக்கு வாக்குதான் என்றவன், இறங்கும்போது மட்டும் அவசரம் என்ன என்கிறான்! பேங்க்காரர்கள் அந்தத் தாள் இந்தத் தாள் என்று இழுத்தடித்துக் கடன் கொடுக்கச் சம்மதிப்பதற்குள் விலை பழையபடி மேலே போய்விட்டது.

ஒரு மெஷினுக்குக் கடன் வாங்கியவள், ஒன்றரை மெஷினுக்கு மேல் கொடுத்துவிட்டு, ஐந்து மெஷின் பாக்கி வைத்திருந்தாள். அப்போதுதான் தம்பி ஆள் சொல்லி அனுப்பாமல் தானே போன் பண்ணி, ஞாயிற்றுக்கிழமை வா, ஒரு நல்ல வழி இருக்கிறது என்றான்.

அம்மாவும் தம்பியும் மூன்றாவது மாடியில் இருந்தார்கள். படியில் விளக்கு இல்லை. உள்ளே இரண்டு அறைக்கும் சேர்த்து ஒரு பல்பு. ஒழுகுகிற குழாயில் துணியைக் கட்டிவைத்திருந்தான். போனில் இருக்கிற காயின் கணக்கைப் பார்த்தால் அந்தக் கட்டடத்தையே அவன் வாங்கலாம். மேஜைமேல் ஒரு தாள் தயாராக இருந்தது. கடையில் பாதியை அவன் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் பாக்கி இரண்டு காயினைத் தள்ளுபடி செய்துவிடுவானாம்.

"இந்த ரேட்ல போனா உன் ஆயுசுக்கும் தீராதுக்கா. நீ கஷ்டப்படுறதைப் பார்த்துட்டு என்னால சும்மா இருக்க முடியல."

"எழுதிக் குடுத்துடுடி," என்றாள் அம்மா. "வாக்குக் குடுத்திருக்கே. அவன் ஒரு காசு வட்டி வாங்கினானா, சொல்லு?"

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் தாளைப் பார்த்தார். பத்து வருட உழைப்பு, பெரிய மெஷின், லாட்ஜ் வேலை, எல்லாவற்றிலும் பாதி. தாகமாக இருந்தது. அம்மா தண்ணீர் ஊற்றினாள். தம்ளருக்குள் விரலை விட்டுக்கொண்டு ஊற்றினாள், எதுவரை நிறைகிறது என்று தெரிய. அப்படியும் பாதி மேஜையில் கொட்டி, தாள் நனைந்தது. தம்பி பதறிப்போய்த் தாளைத்தான் எடுத்தான்.

"அம்மா, கண்ணு இப்படியா ஆயிடுச்சு? ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் போன வருஷமே சொன்னாரே?"

"பண்ணிக்கலாம். அப்பா விட்டுட்டுப் போன பணத்தைத்தான் தம்பிகிட்ட குடுத்து வச்சிருக்கேனே. நல்லா ஏறியிருக்காம். இப்போ வித்தா நஷ்டமாம், அடுத்த வருஷம் பார்க்கலாங்கிறான்."

"இறங்கியிருந்தப்போ என்னடா சொன்னே?"

"இறங்கும்போது யாருக்கா விப்பாங்க?" என்றான் தம்பி.

"இறங்கினாலும் விக்க மாட்டே, ஏறினாலும் விக்க மாட்டே. அப்புறம் அது என்ன எழவுக்குடா பணம்? ஒரு துணுக்கு வித்தா ரெண்டு கண்ணும் பண்ணிடலாமேடா!"

"அந்தத் துணுக்கு பத்து வருஷம் கழிச்சு என்ன ஆகும்னு தெரியுமா உனக்கு?"

"பத்து வருஷம் கழிச்சு அம்மா என்ன ஆவான்னு தெரியுமாடா உனக்கு?"

கத்தின கத்தலில் பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். அவள் நிறுத்தவில்லை. "நான் வாங்கினது மெஷின். மெஷினுக்கு மேல குடுத்தாச்சு. பேங்க்காரன் வட்டியையும் சேர்த்தே குடுத்தாச்சு. இனி ஒரு காசு கிடையாது. கடையில ஒரு செங்கல் கிடையாது."

"அப்போ வாக்கு?"

"தப்பினவதான். போய் ஊரெல்லாம் சொல்லு. அக்கா வாக்குத் தப்பினவ, ஏமாத்துக்காரின்னு சொல்லு."

தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. "அந்த நாலு காயினும் எங்கிட்டயே இருந்திருந்தா இன்னைக்கு நான் எங்கேயோ இருப்பேன்கா," என்றான். நடிப்பில்லை. உண்மையிலேயே தன்னைத்தான் எல்லோரும் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்தான். அதுதான் அவளுக்கு இன்னும் வயிற்றெரிச்சல். அயோக்கியன் என்றால் நாலு வார்த்தை திட்டிவிட்டுத் தலைமுழுகலாம். இவனை என்ன செய்வது?

அந்த மாதத் தவணைப் பணம் அவள் பையில் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டு வந்திருந்தாள். அதை எடுத்துத் தம்பி கண் முன்னால் எண்ணினாள், திரும்பப் பையில் போட்டுக்கொண்டாள், அம்மாவின் கையைப் பிடித்தாள். அம்மா தம்பி முகம் இருக்கும் பக்கமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். இருட்டுப் படியில் கணவர் முன்னால் இறங்கி, போன் வெளிச்சத்தைக் காட்டினார்.

"நான் அன்னைக்கே கேட்டேன்," என்றார்.

"வாயை மூடிக்கிட்டு நடங்க," என்றாள் அவள்.

முதலில் வலது கண். பணம் போதவில்லை, அடுத்த மாத வாடகையிலும் கை வைத்தாள். ஆபரேஷன் முடிந்த மறுநாள் கட்டை அவிழ்த்தார்கள். அம்மா ஜன்னலைப் பார்த்தாள், மின்விசிறியைப் பார்த்தாள், பக்கத்துக் கட்டிலில் இருந்தவளின் புடவைக் கரையின் நிறத்தைச் சொன்னாள். சிரிப்பு தாங்கவில்லை. நர்ஸ் வெளியே போகிறவரைக்கும் காத்திருந்துவிட்டு, மகளைக் கிட்டே கூப்பிட்டாள்.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே."

"சொல்லு."

"இதுக்கு எவ்வளவு ஆச்சுன்னு தம்பிகிட்ட சொல்லிடாதே. இத்தனை பணத்துக்கு எத்தனை காயின் வந்திருக்கும்னு கணக்குப் போட்டுப் போட்டு, பாவம், தூங்க மாட்டான் பிள்ளை."

அவளுக்கு வந்த கோபத்துக்கு கையில் இருந்த மருந்துப் புட்டி அப்படியே நொறுங்கியிருக்க வேண்டும். திட்ட வாயைத் திறந்தாள். சொட்டு மருந்து போட வேண்டிய நேரம் ஆகிவிட்டிருந்தது.

"மேல பாரு," என்று அதட்டினாள். "சிமிட்டாதே."