நாற்பத்தொன்றாம் நம்பருக்கு நான் சொன்ன ஆஜர்

இரவல் தொண்டையில் ‘பிரசென்ட் சார்’ சொல்வது பார்க்கத்தான் லேசான தொழில். செய்து பார்த்தவனுக்குத்தான் அதன் வேர்வை தெரியும். நல்லேப்பிள்ளியிலிருந்து வந்து பாலக்காட்டில் இண்டர்மீடியட் படிக்கும் எனக்குப் போன வருஷம் முழுக்க அதுதான் வேலை, படிப்பெல்லாம் இடைவேளையில். ஆஜர்க் குறைவு என்ற வியாதி கண்டு, நோட்டீஸ் போர்டுக்கு முன்னால் கால் மாற்றிக் கால் மாற்றி நின்ற சக நோயாளிகளே, இது உங்களுக்காக.

ஒரே நம்பர், இரண்டு ஆள்

எங்கள் பௌதிகப் புரொபசர் கேலரியில் இருக்கும் எங்கள் பக்கம் தலையைத் திருப்பமாட்டார். இங்கிலீஷில் நம்பரைக் கூப்பிடுவார். படிப்படியாக ஏறும் பெஞ்சுகளிலிருந்து எண்பது பேர் பதில் சொல்லுவோம். அதில் நாலைந்து பேர் நான்தான். சித்தூர்க்காரன் மூக்கால் பேசுவான், ஆலத்தூர்க்காரன் ‘சார்’ என்பதை ஊர் எல்லை வரை நீட்டுவான். எல்லாம் என்னிடம் ஸ்டாக் இருந்தது.

ஒருநாள் மாட்டினிக்குப் போன இருபத்தாறாம் நம்பர், டிக்கெட் கிடைக்காமல் திரும்பி வந்து கடைசி பெஞ்சில் பதுங்கியிருந்தது எனக்குத் தெரியாது. ‘ட்வெண்டி சிக்ஸ்’ என்றதும் நான் அவன் குரலில் சொல்லி முடித்தேன். மறுகணமே அவனும் சொன்னான். இரண்டில் என்னுடையதுதான் அசல் மாதிரி இருந்ததாகப் பெஞ்சு முழுக்கத் தீர்ப்பு. புரொபசர் நிமிராமலே சொன்னார்: “ட்வெண்டி சிக்ஸ், ஒருக்க வந்தாப் போறும்டா.”

தொட்டிக்குப் பின்னால்

நாற்பத்தொன்று என் நிரந்தர வாடிக்கை. பெயர் சாமுவேல். மலைமேல் பள்ளிவாசல் என்கிற ஊருக்குப் பக்கத்து எஸ்டேட். அப்பாவுக்கு டீ ஃபாக்டரியில் வேலை. தொழிலாளர் குடியிருக்கும் அந்த லயத்து வரிசையிலிருந்து காலேஜ் படி ஏறிய முதல் ஆள் அவன்தான். தினமும் தலை சீவி, நோட்டை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னாலேயே ஹாஸ்டலை விட்டுக் கிளம்புவான். பௌதிக வகுப்பில் மட்டும் இருக்கமாட்டான். எந்தச் சினிமாக் கொட்டகைக்குப் போகிறான் என்று கையும் களவுமாகப் பிடிக்க ஒருநாள் பின்னாலேயே போனேன். வெராண்டாக் கோடி வரை வந்தான். தூணைப் பிடித்துக்கொண்டான். மணி அடித்தது. வந்த வழியே திரும்பி நடந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, கையை நெஞ்சில் வைத்துக்கொண்டான். சட்டை பூரா நனைந்திருந்தது.

“என்றா பண்ணுது?” என்றேன்.

“உள்ள போனா செத்துருவேன்னு தோணுதுலே. சாகமாட்டேன்னு தெரியும். தெரிஞ்சும் தோணுது.”

வருஷ ஆரம்பத்தில் புரொபசர் அவனை ஒரு கணக்குப் போடச் சொல்லிக் கரும்பலகைக்குக் கூப்பிட்டார். சாக்பீஸோடு நின்றான், திக்கினான், ஒன்றும் வரவில்லை. வகுப்பு சிரித்தது. அன்று சாயங்காலமே ஹாஸ்டல் மெஸ்ஸில் அந்தத் திக்கலை அச்சாக நடித்துக் காட்டி, இரண்டு தடவை ‘ஒன்ஸ் மோர்’ வாங்கியவன் யார் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். தொட்டிக்குப் பின்னால் நான் அவன் நோட்டின் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தேன். அவனே சொன்னான்: “நீ நல்லாத்தாம்ல செஞ்சே. நானே சிரிச்சேன்.”

கம்பவுண்டர் தீர்ப்பு

நெஞ்சுதானே அடிக்கிறது, நெஞ்சுக்கு வைத்தியம் பார்த்தால் போச்சு என்று அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். டாக்டர் முகாம் போயிருந்தார். கம்பவுண்டர் ஒரு மலையாளி. குழலை வைத்து முன்னால் கேட்டார், பின்னால் கேட்டார், சந்தேகத்துக்குத் தன் நெஞ்சிலும் வைத்துக் கேட்டார். வியாதி இல்லை என்றால் சந்தோஷப்படவேண்டும். சாமுவேல் முகமோ விழுந்துவிட்டது. வியாதி இருந்தால் ஒரு சர்ட்டிபிகேட்டாவது கிடைத்திருக்கும். கம்பவுண்டர் அவன் முதுகில் தட்டிச் சொன்னார்: “ஹார்ட்டு என்னோடதைக் காட்டிலும் ஜோராக்கும், மோனே. ஓட்டப் பந்தயத்துக்குப் பேர் குடு.”

தொழிலில் ஓட்டை

ஆஜர்க் குறைவுப் பட்டியலில் பெயர் வந்தால் பரீட்சை எழுத முடியாது. புரொபசர் சிபாரிசு எழுதி, பிரின்சிபால் மன்னித்துக் கையெழுத்துப் போட்டால்தான் உண்டு. சாமுவேலுக்குப் பரீட்சை போனால் ஸ்காலர்ஷிப்பும் போச்சு. மலையேறி எஸ்டேட்டில் இலை நிறுக்கிற கொட்டகையில் போய் நிற்கவேண்டியதுதான். எனக்குக் கவலையே இல்லை. அவன் பின்னால் போன அந்த ஒரு நாள் தவிர அத்தனை நாளும் அவனுக்காகப் பிரசென்ட் சொல்லியிருக்கிறேனே! காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு போர்டைப் பார்க்கப் போனேன்.

என் மற்ற வாடிக்கைகள் ஒருவர்கூட இல்லை. இருந்தது ஒரே ஒரு நம்பர்: நாற்பத்தொன்று. நான் மிக நன்றாகச் செய்த குரல்! தலையைத் திருப்பாத மனுஷனுக்கு அது மட்டும் எப்படித் தெரிந்தது? எனக்கு வந்தது பயமா பக்தியா என்று சொல்லத் தெரியவில்லை. சாமுவேல் பட்டியலைப் படித்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: “ஒன் தொழில்ல எங்கயோ ஓட்டை இருக்குலே.”

காரணம் என்ற கட்டம்

நான் உடனே புதுத் திட்டம் போட்டேன். தபாலாபீசிலிருந்து எஸ்டேட் டாக்டர் குரலில் பிரின்சிபாலுக்கு டெலிபோன். மூக்கு வழியாக இங்கிலீஷ் பேசி ஒத்திகைகூடப் பார்த்துவிட்டேன். சாமுவேல் மறுத்தான். “வேண்டாம்லே. பொய் சொன்னா எனக்கு இன்னும் அடிக்கும். நானே சாரைப் பாக்கேன். நீ கூட மட்டும் வா.”

புரொபசர் அறைக்கு அரைக்கதவு. அதன் முன்னால் அவன் கால் நின்றுவிட்டது. “யாரது?” என்றது உள்ளேயிருந்து. மூன்றாம் தடவை கேட்டபோது என்னால் தாங்க முடியவில்லை. அவன் முதுகுக்குப் பின்னால் நின்று, அவன் குரலில் “சார்” என்று ஆரம்பித்தேன். ஐஸ் மாதிரி ஓர் உள்ளங்கை வந்து என் வாயைப் பொத்தியது. பொத்திய கையை எடுக்காமலே சாமுவேல் கதவைத் தள்ளினான்; நானும் இழுபட்டு உள்ளே போனேன்.

“சார், நான் ஃபார்ட்டி ஒன். நான் வகுப்புக்கு வரல சார். ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. பயம் சார். வெராண்டா வரைக்கும் வாரேன். உள்ள வர முடியல. இவன் எனக்காகப் பிரசென்ட் சொன்னான். வேண்டாம்னு சொல்லாதது எந் தப்பு.”

ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு மைல் இருந்தது. அவன் முழங்கால் இடித்து இடித்து மேஜை மேல் மசிக்கூடு ஆடியது. ஆனால் நிறுத்தவில்லை. ஊரில் உள்ள தொண்டையெல்லாம் எனக்குப் பழக்கம். என் சொந்தத் தொண்டையில் இப்படி ஒரு வாக்கியம் ஒருநாளும் வந்ததில்லை. வாய் பொத்தப்பட்டிருந்தது நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் திறந்தபடியே நின்றிருக்கும்.

புரொபசர் கண்ணாடியைக் கழற்றினார். “நீ வந்துட்டுத் திரும்பிப் போறதைத் தெனமும் பாத்துண்டுதான் இருக்கேன். ஹால்ல என் மேஜைக்கு நேரே ஒரு ஜன்னல். அங்க நீ போயிண்டிருக்கே, இங்க இந்த நல்லேப்பிள்ளிக்காரன் ஒன் குரல்ல பிரசென்ட்டுங்கறான்.” கேலரியிலிருந்து அந்த ஜன்னல் வெறும் வெளிச்சம், அதில் வெராண்டாக் கோடி தெரியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சினிமாவுக்குப் போனவர்கள் பின்கேட்டால் போய்த் தப்பித்திருக்கிறார்கள்! “ஏன் சார் கூப்பிடலீங்க?” என்றேன், கையை விலக்கிக்கொண்டு. “கூப்பிட்டா, வெராண்டா வரைக்கும் வரதும் நின்னுடுமோன்னு எனக்குப் பயம்” என்றார். புரொபசருக்குப் பயம்! நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

சிபாரிசுத் தாளை எடுத்தார். அதில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம். காலேஜே டைபாய்டு என்று எழுதுகிற இடம். பேனாவைத் திறந்துகொண்டு, “இதுல என்னடா எழுதட்டும்?” என்று நிஜமாகவே தெரியாதவர் போலக் கேட்டார். சாமுவேல் சொன்னான்: “பயம்னே எழுதுங்க சார்.”

திங்கட்கிழமை

பிரின்சிபால் அந்தத் தாளை இரண்டு நாள் வைத்திருந்தார். பிறகு, இனிமேல் ஒரு வகுப்பும் தவறக்கூடாது என்ற நிபந்தனையோடு கையெழுத்துப் போட்டார். புரொபசர் கதவோரத்து இடத்தைச் சாமுவேலுக்குக் கொடுத்தார்: நடுவில் எழுந்து போகலாம், கேட்க வேண்டாம், திரும்பி வந்தால் போதும். எனக்கும் ஓர் இடம் கொடுத்தார், அவர் மேஜைக்கு ஒரு முழ தூரத்தில்.

“ஃபார்ட்டி ஒன்.”

அத்தனை தலையும் வழக்கப்படி என் பக்கம் திரும்பியது. அவன் குரல் என் தொண்டை வரை வந்து நின்றது, உதட்டைக் கடித்துக்கொண்டேன். புரொபசர் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். மறுபடி கூப்பிடவில்லை, ஆப்சென்டும் போடவில்லை. வெளியே ஒரு மாட்டுவண்டி காம்பவுண்டுச் சுவரை முழுசாகத் தாண்டிப் போயிற்று. அப்புறம் கதவோரத்திலிருந்து, பாதி காற்றும் பாதி சத்தமுமாக, நடுவில் ஒருமுறை அறுந்து, ‘பிரசென்ட் சார்’ வந்தது. யாரும் சிரிக்கவில்லை. புரொபசர் புத்தகத்தில் குறித்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போலக் கூப்பிட்டார்: “ஃபார்ட்டி டூ.”

அன்றோடு என் தொழில் படுத்துவிட்டது. அதில் ஒரே கஷ்டம், முன் பெஞ்சில் உட்கார்ந்தவனுக்குப் பௌதிகம் காதில் விழுந்து தொலைக்கிறது.