காவல்காரன் காணாத குழி

லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பாம்புச் செவி. லிஃப்டில் ஏறி இரண்டு மாடி போவதற்குள் பிரேக் தேய்ந்திருப்பது காதில் விழுந்துவிடும். டார்ச் எடுப்பதெல்லாம் அதற்கப்புறம்தான். இப்பேர்ப்பட்ட மனிதர் ஞாயிற்றுக்கிழமை மதியமானால் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, இல்லாத கோட்டைக்குள் இல்லாத பூதங்களை ஏவிவிட்டு ஜம்மென்று உட்கார்ந்திருப்பார். எல்லாம் ஒரு கதை விளையாட்டு. அவர் கதை சொல்ல, மனைவி, மனைவியின் தம்பி, எதிர்வீட்டுத் தையல்காரர் மூவரும் ஆளுக்கொரு பாத்திரமாகி அதற்குள் நடமாடுவார்கள். சண்டையோ தாவலோ, ஜெயித்தாரா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லிவிடும்.

பார்வைக்கு மட்டும் அவரிடம் தனிச் சட்டம். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு பார்வை எண் உண்டு. சும்மா நடந்துபோனால், ஒளிந்திருப்பதைக் காண வேண்டிய எண் அதற்குள் அடங்கினால் தானாகவே கண்ணில் படும், அவரே சொல்லிவிடுவார். யாராவது "தேடறேன்" என்று வாயைத் திறந்தால் பகடையை உருட்ட வேண்டும். விழுந்ததுதான் கணக்கு, பார்வை எண் அப்போது செல்லாது. இதில் அவரை அசைக்க அவருடைய பூதங்களாலும் முடியாது.

அன்று மச்சினனுக்குக் கடைசி ஞாயிறு. புதன்கிழமை வேறு நாட்டுக்கு வேலைக்குப் போகிறான். ஆண்டுக்கணக்காக அவன் ஆடிவந்த கிழட்டுக் காவல்காரன் கோட்டையைவிட்டு உயிரோடு வெளியேற வேண்டும், அவ்வளவுதான் ஆசை. மெக்கானிக்குக்கும் அதே ஆசைதான். ஆனால் வெளியே காட்டிக்கொள்வாரா?

கடைசிக் கதவு வந்தது.

"தரையை நல்லாத் தேடறேன் மாமா" என்று மச்சினன் உருட்டினான். மூன்று விழுந்தது.

"ஒண்ணும் தெரியல. காலை வெச்சே, குழி. ஆள் காலி மாப்ள."

மச்சினன் முகம் சுண்டிப்போயிற்று. "அந்தக் குழி தெரிய எவ்வளவு வேணும்?"

"பன்னிரண்டு."

"என் பார்வை எண் பதினாறு! பேசாம வந்திருந்தா தானாவே தெரிஞ்சிருக்கும். தேடினதுக்கு தண்டனையா மாமா?"

"நீதானே தேடறேன்னே? சட்டம்னா சட்டம்தான்."

அவன் எழுந்து செருப்பை மாட்டினான். கோபத்தோடேயே விமானம் ஏறிவிடுவானோ என்று மெக்கானிக்குக்குப் பயம். இருந்தும் பாழாய்ப்போன வாய் இறங்கி வரவில்லை.

மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. நாள் முழுக்க டாக்டர்களின் கோழிக்கிறுக்கலைப் படிக்கிறவளுக்குப் புருஷனின் மூஞ்சியைப் படிப்பதா கஷ்டம்?

"ஏங்க, லிஃப்ட்ல சத்தம் காதுல விழுந்தப்புறம்தானே டார்ச் எடுக்கறீங்க? டார்ச் அடிச்சா காது செவிடாயிடுமா?"

தையல்காரர் பக்கென்று சிரித்துவிட்டார். மெக்கானிக் பகடையை முறைத்தார். தப்பு அதன்மேல் இல்லை.

"நான்தான் மாத்தி யோசிச்சிட்டேன் மாப்ள. தேடினா கூடுதலாத்தான் கிடைக்கணும். தானா தெரியறது எப்படிக் குறையும்? வா, உட்காரு. குழி உனக்குத் தெரியுது. தாண்டிட்டே."

மச்சினன் செருப்போடேயே வந்து உட்கார்ந்தான். "வெளிய என்ன தெரியுது மாமா?"

"பாதை. ரெண்டு பக்கமும் மரம்."

வழக்கமாக அதோடு நிறுத்திவிடுவார். கேட்டதற்குமேல் ஒரு சொல் வராது. அன்று நிறுத்த முடியவில்லை.

"காத்து ஜில்லுன்னு அடிக்குது. காதை மூடிக்கிட்டுப் போ. நேரத்துக்குச் சாப்பிடு. போய்ச் சேர்ந்ததும் உங்க அக்காவுக்கு போன் பண்ணு."

கோட்டைக் காவல்காரனுக்கு ஏது போன் என்று கேட்கத் தையல்காரர் வாயெடுத்தார். மனைவி கண்ணாலேயே அவரை அடக்கினாள்.

"பண்றேன் மாமா" என்றான் மச்சினன்.