ஜூன் ஒன்றில் பிறந்த நான்கு பேர்

பிறந்தநாள் பேனருக்கு டிசைன் போடும் தொழிலில் முதலில் படிக்கும் பாடம், எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் சொல்லும் எதையும் நம்பக் கூடாது என்பதுதான். வயதை நம்பக் கூடாது. பட்டத்தை நம்பக் கூடாது. "இவண்: ரசிகர்கள்" என்று போடச் சொன்னால் அந்த ரசிகர்கள் யார் என்று கேட்கவே கூடாது. பெரும்பாலும் ஒரே ஆள்தான் இருப்பார், அவரும் எதிரேதான் உட்கார்ந்திருப்பார். ஃப்ளெக்ஸ் கடைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்தே முதுகு போன சகோதர சகோதரிகளே, உங்களுக்கு இதெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்கள் பஸ் ஸ்டாண்டில் பேனரைப் பார்த்துவிட்டு "எவன்டா இதச் செஞ்சவன்?" என்பார்கள். எவனும் இல்லை. நான்தான், ஒரு பெண்.

கழுத்துக்குக் கீழே

எங்கள் கடை வெட்டாற்றங்கரையில் ஒரு சின்ன ஊரில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிறது. ஊரில் பெயர் சொல்லும்படி நான்கு இசைக்காரர்கள். நாதஸ்வரம் சிங்காரவேலு. மாதா கோயிலில் ஆர்கன் வாசிக்கும் ஆரோக்கியசாமி. கல்யாண ரிசப்ஷன்களில் ஆர்கெஸ்ட்ராவோடு பாடும் சாகுல். தப்பாட்டக் குழு வைத்துப் பறையடிக்கும் வைரக்கண்ணு. நால்வரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். நால்வருக்கும் பிறந்தநாள் ஜூன் ஒன்று. கேட்ட அன்றே எனக்குச் சந்தேகம்தான். ஆனால் வருகிறவர்களின் பிறந்தநாளைச் சந்தேகப்பட்டால் கடை நடக்காது. வருஷா வருஷம் நால்வருக்கும் சேர்த்து "ஒரே நாளில் உதித்த இசைச் செல்வங்கள்" என்று ஒரு பேனர் போட்டுக் கொடுத்துவிடுவேன்.

எங்கள் தொழிலில் 'பாடி' என்று ஒன்று உண்டு. வெள்ளைச் சட்டை, கும்பிட்ட கை, மேலே தலை கிடையாது. வருகிறவர் எந்தக் கோலத்தில் போட்டோ கொடுத்தாலும் தலையை மட்டும் வெட்டி அதன்மேல் உட்கார வைத்துவிடுவோம். முதல் வருஷம் அவசரத்தில் நான்கு தலையையும் ஒரே பாடியில் ஒட்டிவிட்டேன். பேனர் ஏறிய மறுநாள் ஆரோக்கியசாமி அண்ணன் கடைக்கு வந்து, கோபமா சிரிப்பா என்று கண்டுபிடிக்க முடியாத முகத்தோடு சொன்னார்: "ஃபாதர் கேக்கறாரும்மா, நாலு பேரும் ஒரே தையக்காரன்கிட்டயா தைக்கிறீங்கன்னு."

நூல்

சாகுல் அண்ணன் பாடினால் பெண் வீட்டாரும் கைதட்டுவார்கள், மாப்பிள்ளை வீட்டாரும் கைதட்டுவார்கள். அவருக்கு மட்டும் எங்கேயோ ஒரு மூலையில் ஒருவர் கைதட்டவில்லை என்று தோன்றிக்கொண்டே இருக்கும். ஒரு வருஷம் பேனரைப் பிரிண்ட் எடுத்துத் தரையில் விரித்ததும், சட்டைப் பையிலிருந்து ஒரு நூலை எடுத்தார். நெற்றியிலிருந்து தாடை வரை ஒவ்வொரு முகத்தின் மேலும் அதை வைத்து வைத்துப் பார்த்தார். ஆரோக்கியசாமி அண்ணனுக்குத் தாடி இருக்கிறது, அதனால்தான் நீளமாகத் தெரிகிறது என்று எவ்வளவோ சொன்னேன். நூலைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்: "எம் மூஞ்சி சின்னதாப் போனது பரவாயில்லம்மா, யாரு சொல்லி சின்னதாச்சுன்னு மட்டும் எங்கிட்ட சொல்லிடு."

தனியாக வந்தவர்

இந்த வருஷம் நால்வருக்கும் அறுபது. பேனரைப் பெரிதாகப் போட வேண்டும் என்று சித்திரையிலேயே பேச்சு வந்துவிட்டது. அந்தச் சமயத்தில் சிங்காரவேலு ஐயா ஒருநாள் தனியாக வந்தார். எங்கள் தொழிலில் தனியாக வருகிற ஆளைக் கண்டால்தான் பயப்பட வேண்டும். வெயிலைப் பற்றிப் பேசினார். மேட்டூரில் தண்ணீர் எவ்வளவு என்று பேசினார். பிறகு என் பிள்ளைகளின் படிப்பை விசாரித்தார். எனக்குப் பிள்ளைகள் இருக்கும் விஷயமே அவருக்கு அன்றைக்குத்தான் ஞாபகம் வந்திருக்கிறது.

"ஏம்மா, இந்தத் தடவ மூணு படம் போதும். வைரக்கண்ணு வேணாம்" என்றார்.

"ஏங்கய்யா?"

"அவனுக்கு ஜூன் ஒண்ணுங்கறது பொய்ம்மா. அவங்க வீட்ல யாரு தேதி குறிச்சு வெச்சிருக்கப் போறாங்க? அறுபதாவது வருஷத்துல ஊரறியப் பொய்ய எழுதி நிறுத்தலாமா?"

பொய்யை எழுதி நிறுத்துவதுதானே ஐயா என் பிழைப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே மீதியையும் சொல்லிவிட்டார். பையனுக்குக் கும்பகோணத்தில் பெண் பார்த்திருக்கிறார்கள். ஜூன் முதல் வாரம் பெண் வீட்டார் வருகிறார்கள். பஸ்ஸை விட்டு இறங்கினால் அவர்கள் கண்ணில் முதலில் படப்போவது எங்கள் பேனர். மற்ற இருவரிடமும் பேசியாயிற்றாம், அவர்களும் தலையாட்டிவிட்டார்களாம். எழுந்து வாசல்வரை போனவர் திரும்பி நின்றார்: "சாதி பாத்துச் சொல்றேன்னு நெனச்சுடாதம்மா, தேதி பொய்ங்கறதாலதான் சொல்றேன்."

எத்தனை முகம்

ஒரு வாரம்கூட ஆகவில்லை, வைரக்கண்ணு அண்ணன் வந்தார். யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. போன வருஷத்துப் பேனரைத் திரையில் காட்டச் சொல்லிக் கொஞ்சநேரம் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே, "இந்த வருஷம் எத்தன மொகம் போடறீங்க தங்கச்சி?" என்றார். இன்னும் முடிவாகலண்ணே என்று இழுத்தேன். இரண்டு பக்கமும் நல்லவளாக இருக்கப் பார்ப்பவளைக் கண்டால் அவருக்குத் தெரியாதா என்ன?

எனக்கோ என் சந்தேகம். காவிரிப் பக்கம் ஐம்பதைத் தாண்டியவர்களில் பாதிப் பேருக்கு ஜூன் மாதம்தான் பிறந்தநாள். பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்களுக்குத் தேதி தெரியாவிட்டால் வாத்தியாரே ஒன்றைப் போட்டுவிடுவார். கேட்டே விட்டேன். "உங்களுக்கு நெசமாவே ஜூன் ஒண்ணுதானாண்ணே?"

"பள்ளிக்கூடத்துல அப்படித்தான் எழுதியிருக்கு. எங்கம்மா நான் நடக்கறதுக்கு முந்தியே போயிடுச்சு. எங்கப்பனுக்கு நாளு கெழமை தெரியாது. யாரப் போயிக் கேக்கறது?"

சிங்காரவேலு ஐயா சொன்னது சரிதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்படி நினைத்தது எனக்கே பிடிக்கவில்லை. வைரக்கண்ணு அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "ஊர்ல எந்தச் சாவு விழுந்தாலும் எனக்குப் போன் வந்துடும் தங்கச்சி, நல்ல நாளுக்கு எம் மொகத்த வெக்கறது இந்த ஒரு பேனர்லதான்."

இரண்டு தரம் அறுபது

சிங்காரவேலு ஐயா போனில் சொன்னார், போன ஐப்பசியில் திருக்கடையூருக்குப் போட்ட பேனரில் இருக்கும் படம் நல்ல களையாக இருக்கும், அதையே இதற்கும் எடுத்துக்கொள் என்று. நான் போட்டதுதான். ஃபைலைத் திறந்தேன். மாலையும் கழுத்துமாக ஐயாவும் அவர் வீட்டம்மாவும் நிற்கிறார்கள். மேலே "மணிவிழாத் தம்பதியர்" என்று என் கையாலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறேன். அறுபது நிறைந்தால்தானே மணிவிழா? ஐப்பசியில் அறுபது நிறைந்தவருக்கு ஜூனில் எப்படி மறுபடியும் அறுபது நிறையும்? அப்போது மாலையின் ரோஜா நிறம் சரியாக வரவில்லை என்ற கவலையில் இதையெல்லாம் யோசிக்கவே இல்லை.

அவர் படம் பார்க்க வந்தபோது, ஒரே ஆளுக்கு ரெண்டு தரம் அறுபது வருமாங்கய்யா என்று அப்பாவி மாதிரி கேட்டேன். அது நட்சத்திரப்படி, இது சர்டிபிகேட்படி என்றார். அப்படியானால் வைரக்கண்ணு அண்ணனுக்கும் சர்டிபிகேட்படி இருந்துவிட்டுப் போகட்டுமே என்றேன். கொஞ்சமும் கூசாமல் பதில் வந்தது: "எனக்கு ரெண்டும் நெசம்மா, அவனுக்கு இருக்கற ஒண்ணுதான் பொய்."

தலையாட்டியவர்

அன்றிலிருந்து எனக்கு எல்லார் மேலும் சந்தேகம். ஆரோக்கியசாமி அண்ணன் பேச்சுக்குப் பேச்சு மனசாட்சி என்பவர். அவர் எப்படி இதற்குத் தலையாட்டினார்? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவரை வாசலிலேயே மடக்கினேன். உங்களுக்குமா வைரக்கண்ணுவைப் பிடிக்கவில்லை என்று கேட்டேன். ஐயோ என்று பதறிவிட்டார். சின்ன வயசில் அவரோடு சேர்ந்து வெட்டாற்றில் குதித்தவராம். பிறகு தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார்: "அவன எடுக்க வேணாம்னு நான் சொன்னா, உன் தேதி மட்டும் நெசமாடான்னு சிங்காரம் எங்கிட்ட வருவாரும்மா, அதுக்கு நான் எங்க போவேன்?"

முதல் நாள்

பேத்தி பிள்ளையின் காதணி விழாவுக்குப் பேனர் போட ஒரு பெரியவர் வந்தார். எண்பதுக்கு மேல் இருக்கும். எழுத்துப் பிழை பார்க்கிறேன் என்று என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு திரையை விரலால் குத்திக்கொண்டே இருந்தார். வாத்தியார்தான் என்று அந்த விரலைப் பார்த்தே தெரிந்தது. எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டேன். அதே பள்ளிக்கூடம். நால்வர் பேரையும் சொல்லி, நீங்கதான் சேர்த்தீங்களா சார் என்றேன்.

உடனே உஷாராகிவிட்டார். "நீ எந்த டிபார்ட்மென்ட்?" என்றார்.

டிபார்ட்மென்ட் எல்லாம் இல்லை, ஃப்ளெக்ஸ் கடை என்று நம்பவைக்க ஒரு டீ வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. டீ உள்ளே போனதும் விஷயம் வெளியே வந்தது. "சிங்காரவேலுவோட அப்பா, நாயனக்காரர், ஐப்பசின்னாரு. இங்கிலீஷ் தேதி என்னான்னு கேட்டா முழிச்சாரு. ஆரோக்கியசாமியோட அப்பா ஈஸ்டருக்கு மறுநாள்ன்னாரு, எந்த வருஷத்து ஈஸ்டருன்னு அவருக்கே தெரியல. சாகுலோட அம்மா நாத்து பறிக்கற சமயம்ன்னாங்க. குறுவை நாத்தா சம்பா நாத்தான்னு ஒரு வார்த்த கேட்டேன், அழ ஆரம்பிச்சுட்டாங்க. நான் என்ன பண்றது? ரிஜிஸ்டர்ல மேல் வரியில ஒரு தேதி இருந்துச்சு, மூணு பேருக்கும் அதையே போட்டுட்டேன்."

"மேல் வரி யாருது சார்?"

"வைரக்கண்ணு. அவங்கப்பன் தேதியே சொல்லல. நான்தான் கேக்காமலே எழுதினேன். எனக்குத் தெரியாதா? அதுக்கு அஞ்சு வருஷம் முந்தி நான் வேலைக்குச் சேந்த மொத நாள், ஜூன் ஒண்ணு, பள்ளிக்கூடம் தொறக்குது. அவங்கம்மா காலையிலேயே வந்து தரையச் சாணி போட்டு மெழுகிட்டு இருக்கு. பாதியில வலி கண்டுடுச்சு. பசங்கள வரிசையா நிக்க வெக்கறதா, வண்டி புடிக்க ஓடறதான்னு எனக்குத் தெரியல. வண்டி வர்றதுக்குள்ள பின்னால கொட்டாயில பொறந்துட்டான். என்னா சத்தம்ங்கற! மொத நாள் எங்கிட்ட ஆஜர் சொன்னவன் அவன்தான்."

நாற்காலியை அவர் பக்கம் முழுசாகத் திருப்பினேன். ஆனால் சாருக்கு மறுபடியும் சந்தேகம் வந்துவிட்டது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கறாராகச் சொன்னார்: "நான் பென்ஷன் வாங்கறவன், எழுத்துல கேட்டா எதுவுமே சொல்லலன்னுதான் சொல்லுவேன்."

நால்வரும் ஒரே நேரத்தில்

ஒரே பேனரில் வருகிறவர்களை ஒரே நேரத்தில் கடைக்குக் கூப்பிடவே கூடாது. இது என் கட்டளை. அதை நானே மீறினேன். மே கடைசியில், படத்தைப் பார்த்துச் சரி சொல்ல வாங்க என்று நால்வருக்கும் போன் போட்டேன். வைரக்கண்ணு அண்ணன் உள்ளே வராமல் வாசல் தூணில் சாய்ந்து நின்றார். சிங்காரவேலு ஐயா என்னைப் பார்த்த பார்வையில் என் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிய அக்கறை எல்லாம் போயிருந்தது.

வாத்தியார் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். எழுத்தில் இல்லை, வாயால்தான். சாகுல் அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிங்காரவேலு ஐயா, "வாத்தியாருக்கு வயசாயிடுச்சு, மாத்திச் சொல்றாரு" என்றார். "மத்ததெல்லாம் மறக்கும் சிங்காரம், வேலைக்குச் சேந்த மொத நாளு மறக்குமா?" என்று ஆரோக்கியசாமி அண்ணன் அவரைத் திருப்பிக் கேட்டார். அந்த மனிதர் தைரியமாகப் பேசி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வைரக்கண்ணு அண்ணன் உள்ளே வந்தார். பேனரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "எங்கம்மா மெழுகிட்டு இருந்துச்சுன்னா சொன்னாரு?" என்றார். ஆமாண்ணே என்றேன். "மெழுகிட்டு இருந்துச்சா" என்று தனக்குத்தானே இன்னொரு தடவை சொல்லிக்கொண்டார். அம்மாவைப் பற்றி அவருக்கு அதுவரை ஒன்றுமே தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மவுஸைப் பிடித்துக்கொண்டு சும்மா எதையோ நகர்த்தினேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, திரையில் இருந்த மூன்று முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு அந்த மூவர் பக்கமும் திரும்பினார்: "அப்ப இத்தன வருஷமா நீங்க மூணு பேரும் எம் பொறந்தநாளத்தான் கொண்டாடிட்டு இருந்தீங்க, சரி, இந்த வருஷமும் கொண்டாடுங்க, ஆனா நான்தான் நடுவுல நிப்பேன்."

இத்தனை காலத்தில் நான் வாழ்த்துப் போட்ட பிறந்தநாட்களில் உண்மை என்று எனக்குச் சாட்சியோடு தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், அதைத்தான் பொய் என்று எடுக்கச் சொல்லி ஆள் வந்தது.