சூசைநாதன் நிரப்பிய தண்ணீர்

தொலைபேசி அடித்தபோது என் இரண்டு கைகளும் மீன் தொட்டிக்குள் இருந்தன. துடைத்துக்கொண்டு எடுத்தேன். நமது அலங்கார மீன் மாநாட்டுக் குழுவின் தலைவர் ரிஸ்வான்.

"அண்ணன், சூசை அண்ணன் இல்ல. காலேல நெஞ்சு நோவுதுண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க. வழியிலேயே முடிஞ்சிட்டு."

சரி என்று மட்டும் சொல்லி வைத்தேன். மறுபடியும் தொட்டிக்குள் கையை விட்டேன். எதற்காக விட்டேன் என்று தெரியவில்லை. அன்று முழுவதும் கட்டுகஸ்தோட்டைப் பாலம்வரை போவதும் திரும்புவதுமாக இருந்தேன். கடையில் தைக்க வேண்டிய துணி அப்படியே கிடந்தது.

மாநாட்டு மலருக்கு அவரைப் பற்றி எழுத என்னைக் கேட்டிருக்கிறார்கள். இரண்டு வருடங்களாக எங்களுக்குள் சரியான பேச்சு இல்லை என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே ஒப்புக்கொண்டேன். சூசைநாதன் மேல் நான் ஒரு பழியைப் போட்டேன். உங்கள் முன்னால்தான் போட்டேன். அதை உங்கள் முன்னால்தான் எடுக்க வேண்டும்.

பன்வில தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இங்கே இரும்புக் கடையொன்றில் எழுத்து வேலை பார்த்தவர் அவர். மாநாட்டுக்கு உழைக்கும் நம் எல்லோரையும் போலச் சம்பளமில்லாத ஆள். தண்ணீர் அவர் பொறுப்பு. மூன்று நாள் முன்னதாகவே மண்டபத்தின் பின்புறம் பீப்பாய்களை வரிசையாக வைத்து, குழாய்த் தண்ணீரை நிரப்பி, காற்றுப் பம்புகளைப் போட்டுவிடுவார். குழாய்த் தண்ணீரில் கலக்கும் குளோரின் மருந்து பறந்துபோகும்வரை ஒரு சொட்டும் தொட்டிக்குப் போகாது. காலையும் மாலையும் ஒவ்வொரு பீப்பாயாகக் குனிந்து மணந்து பார்ப்பார்.

"என்ன சூசை அண்ணன், சமையல் பதமா பாக்கிறீங்க, உப்புப் போதுமா?" என்று ரிஸ்வான் சீண்டுவார்.

"மருந்து மணக்குது தம்பி. தண்ணியையும் கொஞ்சம் தூங்க விடணும். எழுப்பி எழுப்பி ஊத்துனா மீன் தாங்காது."

நானும் அவரைச் சீண்டியவன்தான். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மீன் நூல்களைப் படித்தவன். படித்தவர்கள் நிறைந்த இந்தக் குழு ஒரு நாளும் என்னை மாநாட்டு மீன் போட்டிக்கு நடுவராக உட்கார வைத்ததில்லை. அந்த மனக்குறை இன்றும் இருக்கிறது, அதை இங்கே மறைக்கப் போவதில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் போட்டிக்கு நான் கொண்டுபோனது நானே நான்கு தலைமுறை இனம் சேர்த்து எடுத்த கறுப்பு ஏஞ்சல் மீன். செதிலில் ஒரு வெள்ளிப் புள்ளி கிடையாது. அதைப் பார்த்தாலாவது என்னைக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன்.

நடுவர்கள் வருமுன் மீன் கழித்துத் தொட்டி கலங்கிவிட்டது. பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு, மண்டபத்தின் கை கழுவும் குழாயில் வாளியைப் பிடித்தேன். மழைக் காலம். ஆறு கலங்கினால் குழாயில் மருந்து கூடும் என்பது எனக்குத் தெரியாததல்ல. பின்னால் சூசை வந்து நின்றார்.

"அண்ணே, அத ஊத்தாதீங்க. பீப்பாயில தண்ணி இருக்கு. நான் எடுத்துட்டு வாறேன், ரெண்டு நிமிஷம்."

"நான் மீன் வளக்கத் தொடங்குனப்ப நீ காற்சட்டை போட்டுத் திரிஞ்ச. எனக்குச் சொல்லித் தராத."

ஊற்றினேன். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். நடுவர்கள் என் வரிசைக்கு வரும்போது மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. பிறகு சாய்ந்துவிட்டது.

மாலையில் எல்லோரும் கூடியிருந்தபோது எழுந்து, "தண்ணி சரியில்ல. என் மீன தண்ணிதான் கொன்னது" என்றேன். ரிஸ்வான் சூசையின் பக்கம் திரும்பி, "நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். சூசை என்னைப் பார்த்தார். நான் பார்வையை எடுக்கவில்லை. சொல்லட்டும் என்றே இருந்தேன்.

"தண்ணி என் பொறுப்பு. தண்ணியில மீன் செத்தா நான்தான் பதில் சொல்லணும்" என்றார். வாளியைப் பற்றிச் சொல்லவில்லை.

தண்ணீர் வேலை அவரிடமிருந்து போனது. சென்ற வருடம் வாசலில் ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டு உட்கார வைத்து, அனுமதிச் சீட்டுக் கிழிக்க விட்டார்கள். பழக்கம் விடவில்லை. மீன் பையோடு வந்த ஒவ்வொருவரிடமும், "பழைய தண்ணியா, புதுத் தண்ணியா?" என்று கேட்டுத்தான் உள்ளே விட்டார். என் பையைப் பார்த்ததும் பாதி எழுந்து, "கறுப்பு ஏஞ்சல் மறுபடி கெடைச்சிச்சா அண்ணே?" என்றார். "ஒனக்கெதுக்கு?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். நான் அவரிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

அடக்கத்துக்குப் பிறகு அவர் மனைவி மேரியிடம் போய் நின்றேன். அந்த வாளியைப் பற்றி அவருக்குத் தெரிந்திருக்கும், ஏதாவது ஏசுவார், வாங்கிக்கொண்டு போகலாம் என்றுதான் போனேன்.

"வாங்கண்ணே. ஒங்க மீன் செத்துப்போச்சுன்னு அன்னிக்கு ராவு சாப்பிடவே இல்ல அவரு. என்ன பிழை விட்டேனோ தெரியலன்னு சொன்னாரு" என்றார்.

வீட்டிலும் சொல்லவில்லை. இதில் எனக்கு அவர் மேலும் கோபம் இருக்கிறது. அன்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் சத்தம் போட்டிருப்பேன், சண்டை பிடித்திருப்பேன், பிறகு அடங்கியிருப்பேன். இப்போது யாரோடு சண்டை பிடிப்பது?

ஆகவே எழுதுகிறேன். சூசைநாதன் நிரப்பிய தண்ணீரில் ஒரு குறையும் இருக்கவில்லை. என் மீனைக் கொன்றது நான் ஊற்றிய வாளித் தண்ணீர். அன்று மாலையே எனக்கு அது தெரியும். என்னை நடுவராக்காதது பிழை என்பதில் மட்டும் நான் மாறவில்லை. அது வேறு வழக்கு.

இப்போதெல்லாம் தொட்டிக்கு ஊற்றுமுன் குனிந்து தண்ணீரை மணந்து பார்க்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பழக்கம். இந்த வருடம் தண்ணீர்ப் பொறுப்பை என்னிடம் தருவதாக ரிஸ்வான் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். வாசலில் அந்தக் கதிரையைப் போடச் சொல்லியிருக்கிறேன். மீன் பையோடு வருகிறவர்கள் தயாராக வாருங்கள். பழைய தண்ணியா, புதுத் தண்ணியா என்று கேட்பேன். சூசை எங்கே என்று நீங்கள் கேட்டால், வாளியிலிருந்து தொடங்கிச் சொல்வேன்.