திரைக்குப் பின்னால் போன மோசே

எனக்கு எழுத்து மட்டுமட்டுத்தான். எங்கள் அக்கா அன்றைக்கு நின்ற நிலையைப் படித்தவர்கள் ஆராவது எழுதுவார்கள் என்று இவ்வளவு காலமும் பார்த்திருந்தேன். ஒருத்தரும் எழுதவில்லை. ஆகையால் நானே எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. நாங்கள் புலம்பெயர்ந்து வந்திருந்த ஃபாரஸ்ட் கேட்டில் மாதா கோயில் மண்டபத்தில் எங்கள் மன்னார் ஆட்கள் சேர்ந்து ஒரு வேதக்கதை நாடகம் போட்டார்கள். பழைய இஸ்ராயேல் சனத்தின் கதை. அவர்களுக்குள் தகப்பன் செத்தால் காணி ஆண்பிள்ளைக்குத்தான். ஆண்பிள்ளை இல்லாத ஒரு வீட்டின் ஐந்து பெட்டைப்பிள்ளைகள், ஊர் முழுக்கப் பார்க்க, மோசேக்கு முன்னால் போய் நின்று அப்பாவின் பங்கைக் கேட்கிறார்கள். மோசே தானாகத் தீர்ப்புச் சொல்லாமல் ஆண்டவரிடம் கேட்கப் போகிறார். ஆண்டவர் பெட்டைகளின் பக்கம் சொல்லிவிடுகிறார்.

பெரியப்பாதான் மோசே. அப்பா இறந்தபிறகு எங்கள் வீட்டுக்கும் அவர்தான் மோசே. நாங்கள் அக்கா தங்கச்சிமார் மூன்று பேரும்தான் அந்தப் பெட்டைகள். "உங்களுக்கு வேஷமே தேவையில்லை" என்று நாடகம் பழக்கிய சின்னம்மா சிரித்தா. மற்ற இரண்டு பேரையும் அயலில் பிடித்தா.

அந்தக் கிழமைதான் அக்காவுக்குத் தூரத்து ஊர் யூனிவர்சிற்றியில் இடம் கிடைத்ததென்று கடிதம் வந்தது. பெரியப்பா வாசித்துவிட்டு நாலாக மடித்தார்.

"பொம்பிளைப்பிள்ளை தனிய அறை எடுத்து நிண்டு படிக்கிறதோ? சனம் என்ன கதைக்கும்?"

பெரியப்பாவுக்கு முன்னால் அம்மா வாய் திறந்து நான் கண்டதேயில்லை.

நாடகத்தன்று கதிரை போதாமல் ஆட்கள் சுவரோடு நின்றார்கள். அக்கா முன்னுக்குப் போய்க் காணியைக் கேட்கவேண்டும். கேட்கவில்லை.

"எங்கட அப்பாவுக்கு ஆம்பிளைப்பிள்ளை இல்லை. இருந்திருந்தா அவனைப் படிக்க விட்டிருப்பியள். என்னை ஏன் விடமாட்டியள், பெரியப்பா?"

"மோசே எண்டு சொல்லடி!" என்று சின்னம்மா பக்கத்திலிருந்து பல்லைக் கடித்தா. ஆரோ சிரித்து, பாதியில் நிறுத்தினார்கள். அக்காவின் சேலைத் தலைப்பு நடுங்கியது. கால் மட்டும் அசையவில்லை.

பெரியப்பா தாடியைத் தடவினார். பஞ்சு கையோடு வந்தது.

"பொறு. ஆண்டவரிட்டைக் கேட்டுக்கொண்டு வாறன்" என்று திரைக்குப் பின்னால் போனார்.

நான் கடைசித் தங்கச்சி, திரையோரம் நின்றேன். பின்னால் திரைக்கயிற்றைப் பிடித்தபடி அம்மா.

"அவள் போகட்டும், அத்தான்" என்றா. சத்தமில்லை. ஆனால் தலை குனியவுமில்லை.

"போனா, கலியாணம் நான் சொல்லுற இடத்திலதான். சம்மதமோ?"

அம்மா கயிற்றை இரண்டு கையாலும் இறுக்கினா.

"ஓம்."

பெரியப்பா மேடைக்கு வந்து கோலை நிலத்தில் குத்தினார். "பிள்ளையள் கேக்கிறது சரி. போகட்டும்!"

மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். அக்கா அழுதழுது சிரித்தா. நான் வாய் பிளந்து நின்றேன். ஆண்டவருக்கு எங்கள் அம்மாவின் குரலென்று வேறு எந்தப் பிள்ளைக்குத் தெரியும்!

பஸ்ஸில் வரும்போது அம்மா கண்ணாடியில் தலை சாய்த்தபடி வந்தா. களைப்பாக்கும் என்று நினைத்துத் தோளில் சாய்ந்து நித்திரையானேன். வேதக்கதையில் அந்த ஐந்து பேருக்கும் காணி கிடைத்தபிறகு குலத்துப் பெரியவர்கள் திரும்பி வந்து, கலியாணம் கட்டுவதானால் எங்கள் ஆட்களுக்குள்ளேதான் கட்டவேண்டும் என்று நிபந்தனை போட்டார்களாம். அந்த மிச்சக் கதையை எனக்கு அப்போது ஒருத்தரும் சொல்லித்தரவில்லை.