பாதியும் பாத்தியும்

பி.எட். பயிற்சிக்காக மரக்காணம் பக்கத்துப் பள்ளிக்குப் போனபோது, ஒன்பதாம் வகுப்பில் சரியாக வாசிக்க வராத சிலரை என்னிடம் விட்டார்கள். கல்லூரியில் செய்யச் சொன்ன பட அட்டைகளோடு போனேன். அ என்றால் அணில், ஆ என்றால் ஆடு. மீசை அரும்பிய பிள்ளைகளுக்கு அணில்! இதற்கு நவீன முறை என்று பெயர் வேறு.

அன்று என் வகுப்பைப் பார்வையிட எங்கள் பேராசிரியர் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். உப்பளத் தொழிலாளியின் மகள் செல்வி, பாடத்தில் 'பாதி வழியில் நின்றான்' என்றிருந்ததை, "பாத்தி வழியில் நின்றான்" என்று வாசித்தாள்.

பேராசிரியர் சத்தமாகச் சிரித்தார். பொய் சொல்வானேன், எனக்கும் சிரிப்பு வந்தது.

"இதுங்கல்லாம் உப்பு வாரத்தான் லாயக்கு. நீ கார்டைக் காட்டும்மா" என்றார்.

செல்வி புத்தகத்தை மூடினாள். "ஏன் சார் சிரிக்கிறீங்க? உப்புப் பாத்திக்குப் போற வழிய நாங்க பாத்தி வழின்னுதான் சொல்லுவோம்."

சுருக்கென்றது. அவள் உளறவில்லை. முதல் எழுத்தைப் பார்த்து, தனக்குத் தெரிந்த, பொருள் பொருந்துகிற சொல்லைப் போட்டிருக்கிறாள். அட்டைகளை மேசையில் வீசிவிட்டுக் கரும்பலகையில் எழுதினேன்: 'பாதி பாத்தியில் உப்பு விளைந்தது.'

செல்வி வெகுநேரம் பார்த்தாள். "மிஸ், ரெண்டாவதுல நடுவுல ஒரு 'த்' இருக்குது. அது இல்லன்னா பாதி!" என்றவள், வரி முழுவதையும் தடுமாறாமல் வாசித்தாள்.

அட்டையைப் பயன்படுத்தவில்லை என்று பேராசிரியர் எனக்கு மதிப்பெண் குறைத்தார். குறைத்துவிட்டுப் போகட்டும். அந்தப் பெண் தவறாக வாசித்தபோதே பாதி வாசித்திருந்தாள். அந்தப் பாதி அவர் காதில் விழவே இல்லை.