எரிக்கக் கொடுக்காத கதிர்க்கட்டு

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். வேதத்தில் விரலை வைத்துக்கொண்டு ஒரு பக்கம் முடிப்பதற்குள் அடுப்பில் வைத்த சோறு வெந்துவிடும். எழுதுவது அதைவிட மெதுவு. ஆனாலும் இதை நானேதான் எழுதுகிறேன். எங்கள் சபையில் என்னைப் பற்றி ஒரு கதை ஓடுகிறது. போதகரை எதிர்த்துப் பேசிய கிழவி என்று. எதிர்த்துப் பேசியது உண்மை. எதற்கு என்பதை அவர்கள் சொல்வதில்லை.

நான் முள்ளுக்குறிச்சிக்காரி. செம்மேட்டில் மாணவர் விடுதிக்குச் சமையல் வேலைக்கு மலையேறி வந்தவள், வேலை முடிந்த பிறகும் இறங்கிப் போகவில்லை. விடுதிக்கு மரவள்ளிக்கிழங்கு கொண்டுவந்து போட்டவள் ஒருத்தி, இந்த மலையிலேயே குண்டனி நாட்டு ஊர்க்காரி. என்னைவிட இளையவள். புருஷன் இல்லை. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். கூடையை இறக்கிவைத்துவிட்டு என்னிடம் ஒரு டம்ளர் காப்பி வாங்கிக் குடிப்பாள். நான் கும்பிடுவது இயேசுவை, அவள் கும்பிடுவது அவள் ஊர்ச் சாமியை. அதற்காக நாங்கள் சண்டை போட்டதே இல்லை. காப்பிக்கு அவள் கேட்கிற சர்க்கரைக்காகத்தான் போட்டிருக்கிறோம்.

அந்தச் சர்க்கரைதான் கடைசியில் அவள் காலைப் பிடித்தது. காட்டில் வெறுங்காலோடு நடக்கிறவளுக்கு முள் ஏறியதே தெரியவில்லை. தெரிந்தபோது பெருவிரலுக்கு அடியில் குழி விழுந்து, நாற்றம் வந்துவிட்டது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து தள்ளிப் போனார்கள். அன்றோடு அவள் பஸ் ஏறுவதை விட்டாள். செம்மேட்டு ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு நாமக்கல்லுக்குப் போகச் சொன்னார்கள். “போனா காலை வெட்டிருவாங்கக்கா” என்று வீட்டிலேயே இருந்துகொண்டாள். நான் அடிக்கடி போய், வெந்நீரில் கழுவி, துணி மாற்றிக் கட்டிவிட்டு வருவேன். முதலில் எனக்கும் குமட்டியது. வெளியே போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து மிச்சத்தைக் கழுவினேன்.

ஒரு நாள் அவளே கேட்டாள். “உங்க சாமிகிட்டச் சொல்லி ஜெபம் பண்ணச் சொல்லேன்க்கா.”

எங்கள் சபைக்குக் கீழே இருந்து ஒரு போதகர் மாதம் ஒருமுறை வருவார். சபையில் பாதிப்பேர் சமவெளியிலிருந்து இங்கே வேலைக்கு வந்தவர்கள். அவருக்குத் தரிசன வரம் உண்டு, கண்ணை மூடினால் ஒரு வீட்டில் ஒளிந்திருப்பதெல்லாம் தெரியும் என்பார்கள். நானும் அவர் மேல் மரியாதை வைத்திருந்தேன். நான்தான் போய் அழைத்தேன். கூடவே எங்கள் பெண்கள் கூட்டத்துத் தலைவியும் வந்தாள். ஆபீஸ் உத்தியோகக்காரி, படித்தவள்.

அவள் வீட்டு வாசலைத் தாண்டியதும் தலைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். போதகர் கண்ணை மூடி நின்றார். பிறகு திறந்து மேலே பார்த்தார். அடுப்புக்கு நேர் மேலே, கூரையில், மஞ்சள் துணி சுற்றிய, கரி பிடித்த கட்டு ஒன்று தொங்கியது. இந்த மலையில் விதைக்கு எடுத்துவைக்கும் கதிரை அப்படித்தான் தொங்கவிடுவார்கள். புகை பட்டுக்கொண்டே இருந்தால் பூச்சி அண்டாது.

“அது என்ன?” என்றார்.

“ராகிக் கதிருங்க சாமி, தினையும் இருக்குதுங்க. விதைக்குங்க.”

“மஞ்சத் துணி எதுக்கு?”

“எங்க சாமி முன்னால வெச்சு எடுத்துக் கட்டுனதுங்க. அப்பிடித்தானுங்க கட்டுவோம்” என்றாள். அவளுக்கு ஒளிக்கத் தெரியாது.

போதகர் மறுபடி கண்ணை மூடினார். “சாபம் இதுலதான் இருக்கு. இந்தக் கட்டு இங்க தொங்குற வரைக்கும் அந்தக் கால் ஆறாது. ஆவியில தெளிவாத் தெரியுது. இறக்கி எரிங்க.”

அவள் கட்டைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள். “எரிச்சா ஆறிருமாங்க?”

“விசுவாசிச்சா ஆறும்.”

அவள் சுவரைப் பிடித்து எழுந்து, கட்டை இறக்கக் கோலைத் தேடினாள். அந்த வருஷம் அவள் காட்டில் பன்றி புகுந்து மிச்சம் வைக்கவில்லை. சுற்றிலும் எல்லோரும் மரவள்ளிக்கு மாறிவிட்டார்கள், கேட்டு வாங்கவும் ஆள் இல்லை. அந்தக் கட்டு போனால் அடுத்த மழைக்கு அவள் காட்டில் போட ஒன்றும் கிடையாது. நான் கோலைப் பிடுங்கிக்கொண்டு அடுப்புக்கு முன்னால் நின்றேன்.

“ஏனுங்க ஐயா, கூரையில தொங்கறது உங்க கண்ணுக்குத் தெரிஞ்சுது. கீழ இருக்கற காலு தெரியலீங்களா? வந்ததுலேருந்து அதை ஒருக்காக்கூட நீங்க பாக்கலீங்களே.”

“அம்மா, ஆவிக்குரிய காரியத்துல குறுக்க வராதீங்க.”

“ராகியப் படைச்சது யாருங்க? மஞ்சத் துணியக் கண்டு மிரள்ற சாமியா நம்ம சாமி?”

தலைவிக்குப் பொறுக்கவில்லை. “எழுத்துக் கூட்டிப் படிக்கிறவங்க, ஐயாவுக்கே வேதம் சொல்ல வந்துட்டீங்களா?”

“கூட்டித்தான் படிக்கறேன் கண்ணு. அதனால ஒரு எழுத்தையும் தாண்டிப் போனதில்லை.”

பிறவியிலேயே கண் இல்லாத ஒருவனைக் கண்டு, இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்ட இடத்தை நான் விரல் வைத்துப் பலமுறை படித்திருக்கிறேன். இயேசு அவன் வீட்டுக்குப் போய்க் கூரையைத் தேடவில்லை. மண்ணில் துப்பி, சேறு குழைத்து, கையால் பூசினார். தொட்டார். எனக்குத் தெரிந்த தரிசனம் அவ்வளவுதான்.

“ஜெபம் பண்ணுங்க ஐயா, அதுக்குத்தான் கூப்பிட்டேன். காலைத் தொட்டுப் பண்ணுங்க” என்று துணியை அவிழ்த்தேன். தலைவி வெளியே போய்விட்டாள். போதகர் நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டிச் சத்தமாக ஜெபித்தார். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் குனியவில்லை.

அவர்கள் போனதும் அவள் என் மேல் பாய்ந்தாள். “எங்கூட்டுல நீ யாருக்கா? ஆறுறதுக்கு ஒரே ஒரு வழி சொன்னாரு, அதையும் கெடுத்துட்டியே.”

“நாமக்கல்லுக்கு வா புள்ளே. போயிட்டு வந்து எரிக்கணும்னா நீயே எரிச்சுக்க. அதுவரைக்கும் இது எங்கூட்டுல இருக்கும்.”

கட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். என் வீட்டில் கேஸ் அடுப்பு, புகைக்கு எங்கே போவது? கொல்லையில் குளிக்க வெந்நீர் போடும் விறகடுப்புக்கு மேலே கட்டினேன். அந்தக் கட்டுக்காக வெயில் நாளிலும் வெந்நீரில் குளித்தேன்.

திருப்பூரிலிருந்து மகன் வந்து அதட்டியதும் அவள் கிளம்பினாள். பஸ்ஸில் ஒருவன் மூக்கைச் சுளித்தான். “நாறுதுன்னா சன்னலைத் தொறங்க. நாங்க எறங்க மாட்டோம்” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். நாமக்கல்லில் இரண்டு விரல் போயிற்று. கால் தங்கியது.

அந்தக் கட்டை எரித்திருந்தால் விரலும் தங்கியிருக்கும் என்று சபையில் பேசிக்கொண்டார்கள். பெண்கள் கூட்டத்தில் தலைவி, கீழ்ப்படியாதவர்களுக்காக உருக்கமாக ஜெபித்தாள். நான் ஆமென் சொல்லவில்லை. முன்வரிசைப் பாயில்தான் உட்கார்ந்திருந்தேன். இன்றும் அங்கேதான் உட்காருகிறேன். வேண்டுமானால் அவர்கள் பாயை மாற்றிப் போட்டுக்கொள்ளட்டும்.

மழை தொடங்கியதும் அவள் தடியை ஊன்றிக்கொண்டு என் வாசலுக்கு வந்தாள். காப்பி கேட்கவில்லை. “என் கட்டக் குடுக்கா” என்றாள். எதற்கு என்று சொல்லவில்லை. அவளுடைய விதை, நான் யார் மறுக்க? இறக்கிக் கொடுத்தேன். தடி ஒரு கையிலும் கட்டு ஒரு கையிலுமாக அவள் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எரித்தால் எரிக்கட்டும் என்று வாய் சொன்னது, மனசு கேட்கவில்லை.

மறுநாள் காலையில் காலைக் கழுவிவிடப் போனேன். தூரத்திலேயே அவள் வீட்டிலிருந்து புகை தெரிந்தது. நடையைக் கூட்டினேன். வீட்டுக்குள் அடுப்பு எரிந்தது, மேலே வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் வாசலில் காலை நீட்டி, முறத்தை மடியில் வைத்து, கதிரை உள்ளங்கையில் கசக்கிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் கரி. மஞ்சள் துணியை மடித்துப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

“என்னக்கா முழிச்சுக்கிட்டு நிக்கற? இந்தக் காலோட நான் எங்க விதைக்கறது, நீதான் விதைக்கணும்.”

“எனக்கு விதைக்கத் தெரியாது புள்ளே.”

“சண்டை போட மட்டும் தெரிஞ்சுதாக்கும்?”

நான் உள்ளே போய் வெந்நீரை இறக்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, கட்டுத்துணியை அவிழ்க்கத் தொடங்கினேன்.